அக்கரையில் இருக்கும் தலைவருக்கு

ஆர்டல்லி,
ஜூன் மாதம், 1684.

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

உன் அக்காள் மார்சலி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மாடுகளுக்கு நோய் நொடி இல்லை. நீ அங்கே நலமாக இருப்பது எனக்குத் தெரியும். மீனும் பாலாடைக்கட்டியும் தின்று இடுப்புப் பட்டையைத் தளர்த்திக் கட்டுகிறேன் என்று நீயே எழுதியிருந்தாய். உடம்பு தேறினால் சந்தோஷம்தான்.

உன் கடிதம் மே மாதத் தொடக்கத்தில் இன்வர்னஸ் வியாபாரி மூலம் வந்து சேர்ந்தது. வைத்தியப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் ஆகும், பிணத்தை அறுத்துப் பார்க்கிற வகுப்பில் நீதான் முதல், லெய்டன் நகரத்தில் கால்வாய்கள்கூட கோடு போட்டதுபோல ஓடுகின்றன என்றெல்லாம் எழுதியிருந்தாய். எல்லாம் சரி. கடைசியில் போகிற போக்கில், தலைவர் பொறுப்பைச் சித்தப்பாவே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு வரி. ஆட்சேபனை இல்லையாம். சிறிசாகிப்போன சட்டையைக் கழற்றிக் கொடுப்பதுபோல எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. யாராவது கேட்டால், அங்கே நல்ல மழையாம் என்று சொல்லி வைக்கிறேன். எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. நிறையவே இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், முதலில் ஊர்ச் செய்தி.

போன இலையுதிர் காலத்தில் அப்பாவைப் புதைத்ததிலிருந்து நம் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. வருகிறவர்கள் காலி நாற்காலியைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டும் நாளைத் தலைவர்தானே சொல்ல வேண்டும்? இந்த வருடம் சொல்ல ஆள் இல்லை. சித்தப்பா யாஹன் ஒரு நாள் குறித்தார். மேலூர்க்காரர்கள், நீர் தலைவரின் தம்பிதானே, நீர் யார் நாள் குறிக்க என்று கேட்டுவிட்டு வேறு நாள் குறித்தார்கள். பாதி மாடு மலையில், மீதி மாடு கீழே முளைவிட்ட ஓட்ஸ் பயிரில். பார்த்தால் வயிறு எரியும்.

துறைக்காரன் மகன்கள் இருவருக்கும் அப்பன் விட்டுப்போன படகு யாருக்கு என்று சண்டை. நம் அப்பா இருந்திருந்தால் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்லியிருப்பார். இப்போது படகு கரையில் காய்ந்து பிளந்துகொண்டிருக்கிறது. பக்கத்துக்கு ஒருவனாக உட்கார்ந்து காவல் காக்கிறார்கள். மீன் பிடிக்க யாரும் போவதில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவன் உழுத நிலத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்தாள். வைத்துக்கொள் என்றேன். நீங்கள் சொன்னால் போதுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். போதாது. அது எனக்கும் தெரியும்.

இனிமேல்தான் விஷயம். உட்கார்ந்து படி.

உன்மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை, லாக்லன். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பட்டத்துக்கு வருகிறவன் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய் எதிரிக் குலத்து மாடுகளை ஓட்டி வந்து காட்ட வேண்டும். அப்பா காட்டினார், அவருடைய அப்பாவும் காட்டினார். நீ காட்டியதெல்லாம் ஹாலந்துக்குப் போகிற கப்பலில் உன் முதுகை. மாடு ஓட்டாதவனுக்குக் கையுயர்த்திச் சத்தியம் செய்ய மாட்டோம், யாஹனையே பட்டக் கல்லின்மேல் ஏற்றிவிடலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நம் தோர்மத்துக்கு அது பொறுக்கவில்லை.

நம் தோர்மத் என்று எழுதிவிட்டேன். உன் தோர்மத். தலைவர் வீட்டு வழக்கப்படி, தொட்டில் பிள்ளையாக உன்னை அப்பா அவன் வீட்டில் வளர்க்கக் கொடுத்தார். அவன் அம்மா பேஹக்கிடம் இருவரும் ஒன்றாகப் பால் குடித்தீர்கள், ஒரே படுக்கையில் உருண்டீர்கள், ஒரே நாளில் அம்மை போட்டது. உன்னைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். மாடு ஓட்டினால்தானே தலைவன், ஓட்டிவிட்டால் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டான்.

ஒரு நாள் என்னிடம் வந்து உன் பழைய கட்டம் போட்ட போர்வையைக் கேட்டான். பூச்சி அரித்திருக்கும், வெயிலில் உலர்த்தித் தருகிறேன் என்றான். அவனுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். அந்தப் போர்வையை ஒரு மட்டக்குதிரையின் சேணத்தில் நிற்க வைத்துக் கட்டி, மேலே உன் தொப்பியைச் செருகி, அதை முன்னால் விட்டு இளவட்டங்கள் எல்லாம் பின்னால் போயிருக்கிறார்கள். தலைவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால் போனோம் என்று பொய் இல்லாமல் சத்தியம் செய்யலாம் அல்லவா? ஏரியைச் சுற்றிப் போய், அக்கரைக் குலத்துத் தலைவர் சிவந்த டூகலின் நிலத்திலிருந்து நல்ல கறுப்பு மாடுகளாகப் பார்த்து ஓட்டி வந்துவிட்டார்கள். நீ லெய்டனில் பிணம் அறுத்துக்கொண்டிருக்க, உன் போர்வை இங்கே படை நடத்தியிருக்கிறது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான்.

திரும்பும்போது ஓடையில் மட்டக்குதிரை இடறி, போர்வை நழுவி அக்கரையிலேயே விழுந்துவிட்டது. தலைவரின் போர்வையை எதிரி காலடியில் போட்டுவிட்டு வருவதா என்று தோர்மத் மட்டும் திரும்பிப் போனான். வேண்டாம் என்று மற்றவர்கள் கத்தினார்களாம். போர்வையும் கையுமாக அவனை டூகலின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

டூகல் சொல்லி அனுப்பியது இதுதான். இந்தக் கொள்ளை உங்கள் தலைவர் பெயரால் நடந்தது என்று பிடிபட்டவனே சொல்கிறான். ஆகவே உங்கள் தலைவர் நேரில் வந்து பதில் சொல்லட்டும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் வராவிட்டால் அன்றைக்கு இவனைத் தூக்கில் போடுவேன். தன் நிலத்தில் தூக்குமரம் நாட்ட அவருக்கு உரிமை உண்டு, அதை மறுத்துப் பேச முடியாது. சித்தப்பா போகக்கூடாதா என்று கேட்பாய். எந்தத் தலைவராகப் போவார்? உன் பெயரால் நடந்ததற்கு உன்னைத் தவிர வேறு யார் போய் நின்றாலும் அது பதில் ஆகாது.

பேஹக் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் காலையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறேன். அவன் சட்டைகள் இரண்டு கிழிந்து கிடந்தன, தைத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வருவதில்லை. கோடையில் இங்கே இருட்டுவதே இல்லையே, அதனால் இருக்கும்.

உடனே பதில் எழுது. பதிலைவிட நீயே வந்தால் நல்லது. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மார்சலி


ஆர்டல்லி,
ஆகஸ்ட் மாதத் தொடக்கம்.

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடலில் காற்று சரியில்லை என்று வியாபாரி சொல்கிறார். நான் நம்புகிறேன், வேறு வழி இல்லாததால்.

போன வாரம் நானும் பேஹக் அம்மாவும் படகு பிடித்து அக்கரை போனோம். சித்தப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வாளோடு கூடவே வந்திருப்பார். டூகல் எங்களை வாசலுக்கு வந்து வரவேற்றார். பெரிய உடம்பு, நெஞ்சுவரை சிவப்புத் தாடி, இடது காலில் கீல்வாதம், முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசினார். முதலில் சாப்பாடு. மான் கறி, பார்லி ரொட்டி, பிரெஞ்சு ஒயின். பேஹக் அம்மாவைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார், என் மகனை நீ தூக்கில் போடப்போகிறாய் என்று அவள் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியும்கூட. அப்பாவின் அடக்கத்துக்கு அவர் தன்னுடைய பேக்பைப் ஊதுகிறவனை அனுப்பி வாசிக்கச் செய்தது எனக்கு நினைவு இருந்தது. அதற்கு நன்றி சொன்னேன்.

பிறகு சொன்னார்: “உங்கப்பாவும் நானும் இளவட்டத்துல இருந்து சண்டை போட்டோம்மா. சண்டை போட்டாலும் யார்கிட்ட பேசணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இப்ப உங்க பக்கம் நான் யார்கிட்ட பேசுறது? தலை இல்லாத கூட்டத்தோட சண்டையும் போட முடியாது, சமாதானமும் ஆக முடியாது. அந்தப் பயலத் தூக்குல போட எனக்கு என்ன ஆசையா? சும்மா விட்டுட்டா, நாளைக்கு என் ஆளுங்களே என்னப் பாத்து இவரும் ஒரு தலைவரான்னு கேப்பாங்க.”

அவர்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் போனேன். படகில் திரும்பும்போது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவரும் தன் ஆட்களின் கையில்தான் இருக்கிறார்.

தோர்மத்தைப் பார்க்க விட்டார்கள். கோட்டையின் அடியில், மாவு மூட்டை போட்டு வைக்கிற அறை. இளைத்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது, ஆனாலும் பேஹக் அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டான். டூகல் வீட்டு எலிகள் நம் வீட்டு எலிகளைவிட மரியாதை தெரிந்தவையாம், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கின்றனவாம். உன் போர்வையை அவனிடமே விட்டு வைத்திருக்கிறார்கள். ஈரச் சுவர், உள்ளே நுழைந்ததும் எனக்கே உடம்பு நடுங்கியது. அவன் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. தலைவரின் போர்வையாம், மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறான். முட்டாள். வாய்விட்டே திட்டினேன்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: “லாக்லன வரச் சொல்லி எழுதாதீங்க. அவன் படிப்ப முடிக்கட்டும். நான் செஞ்ச கூத்துக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்.” ஏரியில் என்னோடு நீந்தி வளர்ந்தவன், தலைவர் வீட்டுப் பெண் என்று எனக்கு மரியாதை வைத்துப் பேசுகிறான். தொங்குவது ஒரு பதிலா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அதற்கு மேல் அங்கே நின்றால் சரிப்படாது என்று வந்துவிட்டேன்.

நாங்கள் திரும்பி வந்து கரையில் இறங்கினால், நம் வீட்டு முற்றத்தில் சித்தப்பா உட்கார்ந்து குலத்தைப் போருக்குக் கூப்பிடுகிற சிலுவையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஆட்கள். பக்கத்தில் ஒரு வெள்ளாட்டை அறுக்கக் கட்டி வைத்திருக்கிறது. முனைகளைத் தீயில் கருக்கி, ஆட்டு ரத்தத்தில் தோய்த்து, ஊர் ஊராகக் காட்டிவர ஓட்டக்காரன் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் நிறுத்த முடியும்? வாள் தூக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். என்ன சித்தப்பா இது என்று கேட்டேன். அவர் குரல் உடைந்துவிட்டது: “நம்ம வீட்டுப் புள்ளையோட ஒரே பாலக் குடிச்சவன் அவன். அவனத் தூக்குல போடுற வரைக்கும் வேடிக்க பாக்கச் சொல்றியா மார்சலி?”

லாக்லன், சித்தப்பா உன் இடத்துக்கு ஆசைப்படுகிறார் என்று நான் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. அவருக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் நம் முதல் படகு அக்கரையைத் தொடுமுன் டூகல் தோர்மத்தைக் கயிற்றில் ஏற்றிவிடுவார். பிறகு நாம் எத்தனை பேரை வெட்டினால் என்ன, எத்தனை பேர் வெட்டுப்பட்டால் என்ன? அதனால் எல்லார் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யார் பெயரால் இந்தச் சிலுவை போகிறது சித்தப்பா என்று. தலைவர் பெயரால் மட்டும்தானே அது போகும். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுப்பில் செருகினேன். அண்டா நிறைய ஓட்ஸ் கஞ்சி அந்த நெருப்பில்தான் வெந்தது. வந்திருந்த எல்லாருக்கும் ஊற்றினேன். வெள்ளாட்டை அவிழ்த்துவிட்டேன்.

அவர்கள் கஞ்சிக் கிண்ணத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். “லாக்லன் கெளம்பிட்டான். திருநாளுக்கு முன்னாடி வந்துடுவான்” என்று சொல்லிவிட்டேன்.

தொப்பிகள் மேலே பறந்தன. துறைக்காரன் மகன்கள் இருவரும், தலைவரை அழைத்து வர நம் படகுதான் போகும் என்று சொல்லி அன்றைக்கே அதற்குத் தார் பூச ஆரம்பித்துவிட்டார்கள், இருவரும் சேர்ந்து. சித்தப்பா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெஜமா என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றேன். பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, அவன் வந்தால் முதலில் கையுயர்த்துகிறவன் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே நீ கிளம்பிவிட்டாய். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, உனக்குத் தெரியப்படுத்தத்தான் இந்தக் கடிதம்.

தம்பி, உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். தலைவன் என்றால் மாடு ஓட்டுகிறவன், வாளைச் சுழற்றுகிறவன், அது எனக்கு வராது என்றுதானே ஓடினாய்? கிட்டத்தட்ட ஒரு வருடமாக வாசலில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். வாள் சுழற்ற இங்கே ஆளுக்குப் பஞ்சம் இல்லை. நிறுத்து என்று சொன்னால் நிற்க வைக்கிற ஒரு வாய்தான் இல்லை. எங்கள் எல்லாருக்காகவும் போய் ஒரு வாசலில் நிற்க ஒரு ஆள் இல்லை. நான் நிற்பேன், ஆனால் அது செல்லாது. உன் காலடிதான் செல்லும். எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனால் அதுதான் நிலைமை.

உன் வைத்தியப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வா. இங்கேயும் மனிதர்களுக்கு வியாதி வருகிறது. தோர்மத் உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றான். நான் கூப்பிடுகிறேன். அவனை விட்டுவிடாதே, லாக்லன். கெஞ்சுவது எனக்குப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். கெஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மார்சலி


ஆர்டல்லி,
அக்டோபர் மாதம்.

டூகல் தலைவரின் கோட்டையில் இருக்கும் எங்கள் தலைவர் லாக்லன் அவர்களுக்கு,

உன் அக்காள் மார்சலி எழுதுவது. மரியாதையாக ஆரம்பித்துவிட்டேன், இனி என் பழக்கப்படி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

ஒரு மைல் தண்ணீருக்கு அப்பால் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுவது விநோதமாகத்தான் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் உன் அறை ஜன்னல் இங்கிருந்தே தெரிகிறது. லெய்டனில் இருந்தபோது இருந்ததைவிட இப்போது நீ பக்கத்தில்தான் இருக்கிறாய் என்று பேஹக் அம்மா சொல்கிறாள். நீ பூ வைத்த டச்சுத் தொப்பியும் தொளதொளக் கால்சட்டையுமாக வந்து இறங்கியதைச் சொல்லிச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது. அவள் உன்னை முதலில் கன்னத்தில் அறைந்து பிறகு முத்தமிட்டதை அவளே மறுக்கிறாள், முத்தம் மட்டும்தான் கொடுத்தாளாம்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. டூகலிடம் போன அன்று காலை வாளை வீட்டில் வைத்துவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினாய். போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றாய். இதைச் செய்யப் போகிறாய் என்று என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் எல்லாரும் கரையில் நின்றோம். சாயங்காலம் படகு திரும்பி வந்தது. துடுப்புக்காரர்களைத் தவிர ஒருவன்தான் உள்ளே. அருகில் வர வரப் பார்த்தால் தோர்மத். எனக்கு முதலில் உயிர் வந்தது, அடுத்த நொடியே போனது. உன்னைக் காணோமே.

அவன் இறங்கி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்ததைச் சொன்னான். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவன் சொன்ன விதத்தை நீ கேட்கவில்லை அல்லவா? டூகல் முன்னால் நின்று நீ சொன்னாயாம்: “என் போர்வ முன்னால போச்சு, அது பின்னால இவன் வந்தான். அப்ப நடத்தினவன் நான்தான். மாடெல்லாம் திரும்பி வர்ற வரைக்கும் என்ன வெச்சுக்கங்க. இவன விடுங்க.” டூகல் வலிக்கிற காலோடு எழுந்து நின்று, தன் நாற்காலியை உனக்குக் காட்டினாராம். தோர்மத் போக மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டானாம். அப்போது நீ, “தலைவரா சொல்றேன். எந்திரிச்சுப் படகுல ஏறு” என்றாயாம். நீ தலைவராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அதை மீற அவனால் முடியவில்லை. வழியெல்லாம் அழுதிருக்கிறான். அலை தெறித்தது என்கிறான். அன்றைக்கு ஏரியில் அலையே இல்லை.

அவன் சொல்லி முடித்ததும் சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். அக்கரையைப் பார்த்துத் திரும்பி நின்று கையை உயர்த்தினார். லாக்லன் என் தலைவன், அவனுக்கு முன்னால் நிற்கும் வாள் என் வாள் என்று உரக்கச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவராகக் கரை நெடுகக் கைகள் எழுந்தன. மாடு ஓட்டாதவனுக்குச் சத்தியம் இல்லை என்று சொன்ன அதே பெரியவர்கள்தான் இரண்டாவது வரிசையில் நின்றார்கள். நீ ஜன்னலில் நின்றாயா, பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. இருட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மாடுகளைத் திரட்டும் வேலை நடக்கிறது. மலையில் கலைந்து போனவற்றைத் தோர்மத்தே தேடித் தேடி ஓட்டி வருகிறான், சோறு தண்ணி இல்லாமல். ஒரு பசு கன்று போட்டுவிட்டது. கன்று யாருக்கு என்று பேச்சு எழுந்தபோது, அதுவும் டூகலுக்கே என்று சித்தப்பா சொன்னார். நவம்பர் பிறக்குமுன் எல்லா மாடும் அக்கரை சேர்ந்துவிடும், நீயும் வீடு வந்துவிடுவாய். பட்டக் கல்லைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார்கள். உன் கையில் கொடுக்க வெள்ளைக் கோலும் சீவியாகிவிட்டது. பாணர் நம் முன்னோர் பெயர்களையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிகிறார், நடுவில் இரண்டு தாத்தாக்களை விட்டுவிடுகிறார்.

டூகலின் கால் வீக்கம் வற்றிவிட்டதாமே? அவர் ஆட்கள் பல்வலி, காதுவலி என்று உன் அறை வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம். மாடு வந்தாலும் வைத்தியனை விடமாட்டேன் என்று அவர் சொல்கிறாராம். கேலியாகச் சொன்னாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். இங்கேயிருந்தும் வழக்குகளைப் படகில் ஏற்றிக்கொண்டு உன்னிடம் வர ஆரம்பித்துவிட்டார்கள். எதிரி கோட்டையில் பிணையாக இருந்துகொண்டு தன் குலத்துக்கு நியாயம் சொல்கிற தலைவர் நீ ஒருவன்தான். துறைக்காரன் மகன்களுக்கு, படகை மாதம் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னதை ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இதையே நான் வசந்தகாலத்திலேயே சொன்னேன், கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணுக்கும் அவள் நிலம் அவளுடையதே என்று உன் வாக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு ஒரு கூடை முட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, தம்பி. எல்லாருடையதும் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

தலைவர் வீட்டுப் பெண் தலைவரின் வாக்கு இல்லாமல் யாரையும் மணக்க முடியாது. அப்பா இருந்தபோது இரண்டு பெரிய இடத்துச் சம்பந்தம் வந்தது. ஒன்றுக்குப் பல்வலி என்றேன், இன்னொன்றுக்கு அவன் குதிரைக்கு மூஞ்சி சரியில்லை என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ கேட்காததற்கு உனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. டூகல் கோட்டையில் போய் நின்றாயே, அன்று அவன் கழுத்தோடு சேர்த்து என் கழுத்திலிருந்தும் கயிற்றைக் கழற்றினாய்.

அவன் கேட்க மாட்டான். தூக்குமரத்தடியில் நிறுத்தி, கடைசி ஆசை என்ன என்று கேட்டால்கூட சொல்லமாட்டான். தலைவரின் பால் சகோதரன் தலைவரிடம் எதையும் தனக்காகக் கேட்கக்கூடாது, தலைவராகப் பார்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதுதான் முறை என்பான். என்னோடு வாசல்வரை வருவான், மாட்டைப் பற்றிப் பேசுவான், போய்விடுவான். இந்த முறையை வைத்துக்கொண்டு இருவரும் நரைத்துப் போவோம். அதனால் நீயாகத்தான் சொல்ல வேண்டும்.

அவனுக்குச் சொந்தமாக நிலம் இல்லை, பெரிய குலப் பெயர் இல்லை. நம் உறவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வருகிறவனுக்கு, அக்காளை இன்னொரு தலைவர் வீட்டில் கொடுத்துக் கூட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று அறிவுள்ளவர்கள் சொல்வார்கள். அதையெல்லாம் யோசித்துப் பார். முடியாது என்று உனக்குப் பட்டால், அதையும் தலைவராகவே சொல். நான் பணிந்து கேட்டுக்கொள்வேன். அழமாட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தை அவன்தான் கொண்டுவருகிறான். மாடுகள் பற்றிய செய்தி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவனை எதிரில் உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துக் காட்டு. எழுந்து ஓடப் பார்த்தால், தலைவராகச் சொல்லி உட்கார வை. பிறகு உன் வாக்கைச் சொல்லி அனுப்பு. நான் கரையில் நிற்கிறேன்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், எல்லாருக்கும் திறந்திருக்கும் கதவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அக்காள்
மார்சலி

தோர்மத், கேட்டுக்கொண்டிருக்கிறாய் அல்லவா? தலைவர் சரி என்றால், காற்று திரும்புமுன் துடுப்புப் போட்டு வந்து சேர்.